பத்துக்குப் பத்து வாங்கிய மக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கணக்கு வாத்தியார் அண்ணனுக்கு, லிஃப்ட் மெக்கானிக் தம்பி எழுதிக்கொள்வது. மூன்றாம் மாடியில் நான் நலம். நான்காம் மாடிக் கண்ணாடி அறையில் தாங்களும் நலமாகியே தீர வேண்டும். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். என் இரண்டு கைகளும் கொஞ்சம் வேலையாக இருப்பதால் நர்ஸம்மா எழுதுகிறார். பிழை இருந்தால் அவரைத் திட்டவும்.

உங்கள் மகள் கல்யாணத்தில், கையில் மைக் கிடைத்துவிட்டது என்பதற்காக, "எங்க வீட்டுலயே கணக்குல நூத்துக்குப் பதினொண்ணு வாங்குன ஒரே மக்கு இவன்தான்"னு நானூறு பேர் முன்னால் சொன்னீர்கள். அன்றோடு நம் பேச்சு நின்று மூன்று வருஷம். இப்போது உங்கள் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய், பொருந்துகிற ஸ்டெம் செல் கிடைத்தால்தான் பிழைப்பீர்கள் என்று டாக்டர் சொல்ல, எங்கள் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சி விட்டு, உங்கள் மரபணுவோடு பத்து இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்தார்களே, பள்ளிக்கூடம் முழுக்க முதல் ரேங்க் எடுத்த நம் அக்காவுக்கு எத்தனை? பத்துக்கு ஐந்து! "மறுகூட்டல் போட முடியுமா டாக்டர்?"னு கேட்டாள். எனக்குப் பத்துக்குப் பத்து. வாழ்க்கையில் முதல் முழு மார்க், அண்ணா! ரிப்போர்ட்டுக்கு உடனே லாமினேஷன் போட்டுவிட்டேன். ஃபைலில் கோக்க ஓட்டை போட முடியவில்லை என்று ஆஸ்பத்திரி கிளார்க் கத்தியது தனிக் கதை. அப்புறம் செல் பெருக அஞ்சு நாள் ஊசி. இடுப்பெலும்பு குடைஞ்ச குடைச்சலில் நொண்டி நொண்டி வந்தேனா, வார்டு ஆள் ஒருத்தர் என்னைச் சக்கர நாற்காலியில் அமுக்கி, "நான் குடுக்க வந்தவன்யா"ன்னு கத்தக் கத்த, மாவுக்கட்டு போடுற ரூமுக்குத் தள்ளிட்டுப் போயிட்டார். முழங்கால் வரை கட்டு ஏறின பிறகுதான் நம்பினார்கள்.

ஆகவே என் நிபந்தனை. அதே மைக், அதே நானூறு பேர், "பத்துக்குப் பத்து"ன்னு உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இனி மக்கு என்று கூப்பிடவும் கூடாது. கொஞ்ச நாளில் உங்கள் ரத்த குரூப்பே என் குரூப்பாக மாறிவிடுமாம், அப்புறம் திட்டினால் பாதி உங்களுக்கே சேரும். சம்மதம் என்று நீங்கள் தலையாட்டும் வரை என் உடம்பிலிருந்து ஒரு சொட்டுகூட மாடி ஏறாது. இது உறுதி.

அண்ணிக்கு என் வணக்கம். உங்களுக்கான அன்பு, தலையாட்டிய பிறகு.

இப்படிக்கு,
மக்கு அல்லாத தம்பி

பி.கு.: ஐயா, இது நர்ஸ் எழுதுவது. உங்கள் தம்பி கண் அசந்துவிட்டார். அவர் இரண்டு கையிலும் குழாய். காலையிலிருந்தே ஸ்டெம் செல் எடுக்கும் மெஷின் ஓடுகிறது. நிபந்தனை சொல்லி முடிப்பதற்குள் பை நிறைந்துவிட்டது. நடுநடுவே, "எங்கண்ணனுக்கு இது போதுமா? இன்னும் வேணும்னா எடுத்துக்குங்க"ன்னு பதினொரு தடவை கேட்டார். கடைசியாக என் காதோடு, "பையை லிஃப்டுல ஏத்தாதீங்கம்மா, அது நான் ரிப்பேர் பண்ணது" என்றார். படியேறித்தான் கொண்டுவருகிறேன்.