ஒழுகல் அல்ல, நுகர்வு

பழுதான காரைச் சரிசெய்ய ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. பழுதான காரில் பழுதே இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் மேதை வேண்டும். மனித குலம் இதுவரை கண்ட அத்தகைய மேதைகளுள் முதல்வர் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் வாழ்ந்தார். பெயர் ஹார்லன் ட்வெய்ட். 'பிரெய்ரி பேர்ல் மோட்டார்ஸ்' கம்பெனியில் சர்வீஸ் மேசைத் தலைவர். ஒரு காலத்தில் ஸ்பேனரும் கையுமாகக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்தான். பதவி உயர்ந்ததும் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு அடியில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

அவர் புகழின் உச்சியைத் தொட்டது ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில். கம்பெனி விற்ற புது மாடல் கார் ஒன்று, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரை எங்கேயோ தொலைத்துக்கொண்டிருந்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. போதாக்குறைக்குக் குளிரில் கிளப்பினால் என்ஜின் 'மிஸ்ஸிங்' அடித்து, நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல் உதறியது. வந்தவர்கள் எல்லாரும் 'ஒழுகுது' என்றே புகார் சொன்னார்கள். மேலாளர் டுவேன் கெட்டர்லிங்குக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு அரித்தது.

"ஒழுகுதுன்னா தரையில ஈரம் இருக்கணுமில்ல?" என்றார் அவர்.

"இருக்கணும்," என்றது கூட்டம்.

"இருக்கா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"அப்ப தண்ணி எங்கேய்யா போகுது?"

கூட்டம் தத்தம் டோனட்டைப் பார்த்தது. ஹார்லன் மட்டும் தன் டோனட்டைக் கீழே வைத்தார். அவர் டோனட்டைக் கீழே வைத்தால் ஏதோ பிறக்கப்போகிறது என்று பொருள்.

"எங்கயும் போகல, டுவேன். கார் அதை நுகருது."

"என்ன பண்ணுது?"

"நுகருது. காரை வாங்கினவர் யாரு? நுகர்வோர். நுகர்வோரோட கார் நுகர்ந்தா அதுல என்ன தப்பு?"

மேலாளர் எழுந்து வந்து ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டார். மதியத்துக்குள் வாசகம் தயாராயிற்று. "ஒழுகல் காணப்படவில்லை. நுகர்வு காணப்படுகிறது. இது இவ்வகை வாகனத்தின் இயல்பு." எல்லாக் கிளைகளின் கம்ப்யூட்டரிலும் அது ஏற்றப்பட்டது, கீழே ஹார்லனின் பெயரோடு. அவருடைய புகைப்படத்தையும் பெரிதாக்கிக் கிளைதோறும் மாட்டினார்கள்.

மிஸ்ஸிங் புகாரைக் கம்பெனியின் கருணை கவனித்துக்கொண்டது. அந்தப் பக்கத்துக் குளிர்காலத்தில் எல்லாக் கார்களின் மூக்கிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். இரவில் அதைச் சுவரில் கரண்டுக்குச் செருகி வைத்தால் என்ஜின் சூடாக இருக்கும். செருக மறந்தால் காலையில் கார் கல்லாகிவிடும். கம்பெனியோ, சோதனைக்கு வந்த காரைச் சூடான கொட்டகைக்குள் நிறுத்தி, வயரையும் செருகி, பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டது. குளிரில் மட்டுமே உதறுகிற கார் அங்கே எப்படி உதறும்? காலையில் ஹார்லன் சாவியைத் திருப்புவார். என்ஜின் சாதுவாக ஓடும். 'உதறல் உண்டாக்கிப் பார்க்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இந்தச் சாதனையின் நடுவே, செப்டம்பரில், அவருடைய மனைவி கொரின் ஒரு புகார் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைப்பவள். அதே மாடல் காரை, அதே கம்பெனியில், கணவர் சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கியவள்.

"ஹார்லன், என் கார் ஒழுகுது."

"கீழே ஈரம் இருக்கா?"

"இல்ல. ஆனா வெள்ளையா புகை விடுது. பான்கேக் பாகு மாதிரி இனிப்பா வாசனை வேற."

"வாசனை, கம்பெனி அங்கீகரிச்ச கருவி இல்ல, கொரின்."

"என் மூக்கு நானூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிற மூக்கு."

மனைவியின் மன ஆறுதலுக்காக ஹார்லன் வெளியே போய், புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து, நுகர்ந்தார். அது பழைய மெக்கானிக்கின் மூக்கு. 'என்ஜினின் உள்ளடைப்பான ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கூலன்ட் உள்ளுக்குள்ளேயே என்ஜினில் இறங்கி எரிகிறது. அதனால்தான் தரையில் ஈரமில்லை, அதனால்தான் உதறல்' என்று ஒரே மூச்சில் அது சொல்லிவிட்டது. ஆனால் அவரோடு சேர்ந்து மூக்குக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கவில்லை. எனவே அதன் பேச்சு எடுபடவில்லை.

உள்ளே வந்து, "நுகர்வு. இயல்புதான்," என்றார்.

அன்று முதல் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். குளிர் தொடங்கியதும் தினம் சாயங்காலம் தாமே போய் மனைவியின் காருக்கு வயர் செருகினார். பனிப்புயலிலும் தவறவில்லை. எதிர்வீட்டுக்காரி பொறாமைப்பட்டாள். "எங்க வீட்ல நான் செருகினாத்தான் உண்டு. உன் ஆளு தங்கம்டி," என்றாள். கொரினும் வெட்கப்பட்டுக்கொண்டாள். வயர் செருக வசதியில்லாத பள்ளிக்கூட முற்றத்தில் மட்டும் கார் உதறிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, பிஸ்மார்க்கிலிருந்து மருமகன் அழைத்தான். மகள் சிக்னிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

"உன் பிக்கப் வண்டியை எடு," என்றாள் கொரின், கோட்டை மாட்டிக்கொண்டே.

ஹார்லன் பிக்கப்பின் சாவியை எடுத்தார்.

"ஏன், என் கார்ல ஏதாவது குறையா?" என்று உடனே மடக்கினாள் அவள்.

ஹார்லன் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினார். மேதைகளுக்கும் வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு.

சூடாக்கி வைத்த கார் வழியிலுள்ள வாஷ்பர்ன் ஊர் வரை சமர்த்தாக ஓடியது. அங்கே காற்று பனியை வாரி இறைத்ததில் சாலையை அடைத்துவிட்டார்கள். உணவகத்தில் காத்திருந்தார்கள். ஹார்லன் கேரமல் ரோல் கேட்டு வாங்கி, அதைத் தொடவில்லை. கொரின் ஜன்னல் வழியே காரைப் பார்த்தபடி இருந்தாள். காரின் மூக்கில் வயர் அநாதையாகத் தொங்கியது. செருக எங்கும் இடமில்லை.

சாலை திறந்தது. ஹார்லன் சாவியைத் திருப்பினார்.

கார் உதறிய உதறலில் அவருடைய தொப்பி கண்ணுக்கு இறங்கியது. வெள்ளைப் புகை உணவகத்தையே மறைத்தது. உள்ளே இருந்தவர்கள் காபிக் கோப்பையோடு வெளியே வந்து வரிசையாக நின்றார்கள்.

"ஊஃப்டா," என்றார் ஒரு பெரியவர். அந்தப் பக்கத்து ஆட்கள் சாவு வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். "யாருக்குத்தான் தெரியாது, ஹெட் கேஸ்கட்."

"இனிப்பு வாசனை வருதே," என்றாள் பரிமாறுகிறவள்.

"இயல்புதான்," என்றார் ஹார்லன். கார் நின்றுவிட்டது.

எதிரிலேயே கம்பெனியின் கிளை இருந்தது. எல்லாருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேசையில் ஜோலீன் என்ற பெண் இருந்தாள். சுவரில் ஹார்லன் இருந்தார். ஜோலீன் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், பரவசமாகி எழுந்து நின்றாள். பிறகு விதிப்படி காரைச் சூடான கொட்டகைக்குள் தள்ளி, வயரைச் செருகி, நன்றாகக் காயவைத்து, சாவியைத் திருப்பினாள். இரண்டு இருமலோடு கார் சாதுவாக ஓடியது.

"ஒழுகல் காணப்படவில்லை," என்று கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். "மீதி உங்களுக்கே தெரியும், சார்."

"இது வழியில மறுபடி நின்னா நாங்க விறைச்சுப் போவோம், பொண்ணு," என்றாள் கொரின். "வாசல்ல நிக்குதே, அந்தக் காரைக் கொடு. சாயங்காலம் திருப்பித் தர்றோம்."

"அது பழுதான காருக்கு மாற்றாத்தான் தரலாம், மேடம். உங்க கார்ல பழுது இல்லையே. சார் ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உடனே சாவி தர்றேன்."

கொரினின் போன் அடித்தது. மருமகன்தான். பிரசவத்துக்கு இன்னும் அதிக நேரம் ஆகாதாம். அவள் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை, ஹார்லன்."

ஹார்லன் வாயைத் திறந்தார். சுவரிலிருந்து ஹார்லன் அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"நுகர்வு..." என்றார். "கொஞ்சம் அதிகம்தான்."

கொரின் பையை எடுத்துக்கொண்டாள். தள்ள வந்தவர்களில் வான்கோழி லாரி ஓட்டுகிற ஒரு அம்மாளும் இருந்தாள். "பிஸ்மார்க்தான் போறேன். ஒரு சீட்டு இருக்கு, ஏறிக்கோ," என்றாள்.

வாசலில் கொரின் நின்றாள்.

"தினம் சாயங்காலம் வந்து வயர் செருகினியே. எனக்காகத்தான் செய்யறேன்னு நினைச்சுட்டேன்."

அதற்கு வாசகம் எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. லாரி பனிக்குள் மறைந்தது.

"ஒழுகுது," என்றார் ஹார்லன், யாருமில்லாத வாசலைப் பார்த்து. பிறகு ஜோலீனிடம் திரும்பினார். "செப்டம்பர்லேர்ந்தே ஒழுகுதும்மா. எனக்குத் தெரியும்."

"மன்னிக்கணும், சார். பதிவை மூடிட்டேன்," என்றாள் அவள் பணிவோடு. "உங்க வாசகத்தைத்தான் போட்டேன்."

மூன்றாவது காபி ஆறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். கொரினின் குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன அழுகை, அதற்கும் பின்னால் மகளின் களைத்த குரல்.

"அப்பா எங்கம்மா? உன்கூட வரலையா?"

ஹார்லன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கிளம்பும்போது முழுசாத்தான் இருந்தாருடி," என்றாள் கொரின். "வழியில மிஸ்ஸிங். கீழே குனிஞ்சும் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்ல. நீ தூங்கு, கண்ணு. உங்கப்பாவுக்கு இது இயல்புதான்."