தாடையில்லா மீனும் தன்மை ஒருமையும்

மனித இனத்தில் 'நான்' ஆசாமி என்றொரு வகை உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம். அவரே வந்து, தான் வந்துவிட்டதைச் சொல்லிவிடுவார். வெற்றி என்றால் தன்மை ஒருமை. சறுக்கல் என்றால் தன்மைப் பன்மை. பெரிய சறுக்கல் என்றால் படர்க்கை. இவ்வளவுதான் அவருடைய இலக்கணம்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு புதைபடிவப் பேராசிரியர். தாடை என்ற ஒன்றே இல்லாமல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்தித் திரிந்து கல்லாகிப்போன மீன்களைத் தேடுவது அவர் தொழில். ஒருநாள் குவாரிச் சரிவில் நின்ற ஜீப் உருளாமலிருக்க, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க டிரைவர் ஒரு கல்லை எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை.

"சார், இதுல லாடம் மாதிரி ஏதோ தெரியுதே?"

"கல்லுன்னா ஏதாவது தெரியத்தாம்ப்பா செய்யும். தூக்கிப் போட்டுட்டு வண்டியைப் பாரு."

டிரைவர் போடவில்லை. துண்டில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்திருந்து, மறுநாள் ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தார். லென்ஸில் பார்த்த பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. தாடையில்லா மீனின் முழுக் கவசம்! யாரும் பார்த்திராத புது வகை!

அப்புறம் கேட்க வேண்டுமா? நான் கண்டெடுத்தேன், நான் செதுக்கினேன், நான் அளந்தேன் என்று கட்டுரை வந்தது; பாராட்டுக் கூட்டம் நடந்தது; டிரைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையேங்க?" என்றாள் டிரைவரின் மனைவி.

"அடுத்த தடவை போடுவாங்க."

போட்டார்கள். மறுவருஷம் வேறொரு பல்கலைக்கழகத்து அம்மையார், பேராசிரியர் மீனை முன்பின் மாற்றி வைத்து வர்ணித்துவிட்டார் என்று எழுதினார். கழிவுத் துவாரங்கள் என்று பேராசிரியர் ஒரு பக்கம் முழுக்க விவரித்திருந்தவை மீனின் கண்கள்!

துறையே சிரித்தது. பேராசிரியர் அசருவாரா? திருத்தக் குறிப்பு எழுதினார்: "இக்கல்லைக் கண்டெடுத்தவர் எங்கள் ஓட்டுநர். எது முன், எது பின் என்று அவர் குறித்து வைக்கவில்லை."

"இது பாராட்டா, பழியாங்க?" என்று கேட்டாள் டிரைவரின் மனைவி.

"எதுவா இருந்தா என்ன? கண்டெடுத்தது யாருன்னு அச்சுல வந்துடுச்சு. இனிமே அவரே நெனைச்சாலும் அழிக்க முடியாது."

இப்போது குவாரி பார்க்க வருகிறவர்கள், பேராசிரியர் அறையைத் தாண்டிப் போய் டிரைவரைக் கேட்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் அலமாரி மாட்டியது யார்? 'நான்தான்.' சரி. அது விழுந்தபோது, "அன்னைக்கு ஏணியைப் பிடிச்சது யாரு?" என்று உள்ளே பார்த்துக் கத்தினீர்களே, அது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே!