ஆயில்மேன் இல்லாத கார்

கார் வைத்திருப்பவர் சொல்லும் எதை வேண்டுமானாலும் நம்பலாம். காருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று அவர் சொன்னால் மட்டும் நம்பக் கூடாது. பொய் சொல்வார் என்பதற்காக அல்ல, அவருக்கே தெரியாது என்பதற்காக. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரணாம்பட்டு மலைச்சாலை இறங்கத் தொடங்குமிடத்தில், புது வேட்டி சட்டையோடு வெயிலில் நின்று தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தங்கச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதுகிற வேலை. (அதை நான் ஊரில் சொல்லும்போது சுரங்கமே என் பேனாவால்தான் ஓடுகிறது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன்.) சுரங்கத்துப் பகுதியான ஊரிகத்தில், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்), அம்மா, நான். நைனா வைண்டிங் இஞ்சின் டிரைவர். ஆட்களைக் கேஜில் பூமிக்குள் இறக்கி ஏற்றும் அந்தப் பெரிய இஞ்சின் அவர் கையில்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ருக்மணியைப் பார்த்தேன். பேரணாம்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் இருந்த அவள் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். ஒலிபெருக்கிக்காரன் அடுத்த பேட்டை வரை காது கிழியப் பாட்டு வைத்துக்கொண்டிருந்தான். பந்தியில் இருந்த பெரியவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அவள் நேராகப் போய், "தம்பி, கல்யாணம் இந்த வீட்லதான், ஆண்டர்சன்பேட்டைல இல்ல," என்றாள். சத்தம் குறைந்தது. எனக்கு அதற்கப்புறம் சாதம் இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெரியப்பா மூலமாகப் பேச்சு நடந்தது. பெண்ணின் அப்பா மளிகைக்கடைக்காரர். அவர் கையில் ஏற்கெனவே ஆம்பூர் மாப்பிள்ளை ஒருவர் இருந்தார், மோட்டார் சைக்கிளோடு. என்னிடம் இருந்தது செயின் அடிக்கடி கழலும் ஒரு சைக்கிள். மோட்டார் சைக்கிளை ஜெயிக்க வேண்டுமானால் கார்தான் என்று எந்த முட்டாளுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆண்டர்சன்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த தணிகாசலம் ஒரு காரை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பழைய கார். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் இஞ்சினைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ ஒரு டீசல் இஞ்சினைப் பிடித்து உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அதை ஸ்டார்ட் செய்தால் ரைஸ் மில் ஒன்று நம்மைப் பார்த்து நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

"செலவு எப்டிங்க?" என்று கேட்டேன்.

"டீசல்தான சார்," என்றார் தணிகாசலம்.

இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மேற்கொண்டு எதையும் நான்தான் கேட்கவில்லை.

ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த சமயம். பெட்ரோல் காராக இருந்தால் மைலுக்கு இவ்வளவு, டீசலுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆக, ஒவ்வொரு மைலுக்கும் எனக்கு மிச்சம். பத்து மைல் போனால் பத்து மடங்கு மிச்சம். தினமும் ஓட்டினால், சொசைட்டியில் வாங்கும் கடன் அந்த மிச்சத்திலேயே அடைந்துவிடும். அதாவது வண்டி நின்றால்தான் எனக்கு நஷ்டம்! (என்னிடம் பெட்ரோல் கார் எப்போதுமே இருந்ததில்லையே, அப்புறம் எதில் மிச்சம் என்று கேட்க அந்த ஆபீஸில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.)

அந்தக் கணக்கில் டீசலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் வளர்ந்தால் தெரியும். பல்பு போனால் கம்பெனியில் சொல்லிவைப்போம், எலெக்ட்ரீஷியன் வருவார். குழாய் ஒழுகினால் ஃபிட்டர் வருவார். ஓடு உடைந்தால் மேஸ்திரி, சுவர் அழுக்கானால் சுண்ணாம்பு அடிக்கிறவர். பிறந்ததிலிருந்து நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. எங்களைப் பொறுத்தவரை ரிப்பேர் என்பது செலவே இல்லை, அது ஒரு ஆள். சொன்னால் வருவார். கொஞ்சம் லேட்டாக வருவார், அவ்வளவுதான்.

கார் வந்தது. தணிகாசலத்தின் டிரைவர் சுரங்கக் கழிவு கொட்டிய சைனைடு மண்மேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். காரை நிறுத்த லைனில் இடமில்லாததால் பொதுக் குழாயடியில் நிறுத்தினேன். அது விட்ட கரும்புகையில், துவைத்துக் காயப்போட்ட துணிகள் எல்லாம் மறுபடி துவைக்கும்படி ஆயின. பெண்கள் என் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். காலையில் அது தானாகக் கிளம்பாது. நைட் ஷிப்ட் முடித்துக் களைத்து வருகிறவர்களைக் கும்பிட்டுத் தள்ளச் சொல்வேன். கொஞ்ச நாளில் அவர்கள் என் வீட்டுத் தெருவை விட்டுவிட்டு ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள்.

ஹாரன் நின்றுபோனது. தணிகாசலத்திடம் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? பாக்கலாம் சார்," என்றார்.

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் ஆள் வருவார் என்று அர்த்தம். வீட்டில் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அப்புறம் இஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து கல் உடைப்பது போல ஒரு சத்தம் கிளம்பியது. அதையும் போய்ச் சொன்னேன். அதற்கும், "பாக்கலாம் சார்." எனக்கு எரிச்சல் வந்தது. என்ன மனிதர் இவர், இரண்டு கம்ப்ளைன்ட் கொடுத்தும் ஒரு ஃபிட்டரை அனுப்பவில்லையே என்று ஊரெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

அதற்குள் பேரணாம்பட்டிலிருந்து செய்தி வந்தது. பெண்ணின் அப்பா பெரியப்பாவிடம் சொன்னாராம்: "கார் வெச்சிகீறாராமே மாப்பிள்ளை. கிளார்க்கு சம்பளத்துல காரு எப்டி கட்டுப்படியாகுது? அதை நேர்ல கேட்டுட்டுதான் தட்டு மாத்துவேன். சரியா சொல்லலன்னா ஆம்பூர்தான்."

எனக்கு ஒரே சந்தோஷம். கேட்டது என் கணக்கையல்லவா!

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பேச்சு முடிய வேண்டும். அம்மா முன்சீட்டில், மடியில் பூவும் பழமும் வைத்த தட்டோடு. நைனா பின்சீட்டில். அவர் இஞ்சின் ஓட்டுவதெல்லாம் மணிச் சத்தத்தை வைத்துத்தான். கீழே இருந்து ஒரு மணி அடித்தால் இஞ்சினை நிறுத்த வேண்டும், யார் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. வெங்கடகிரிகோட்டை தாண்டியதும் என் சீட்டின் முதுகில் 'டொக்' என்று ஒரு தட்டு.

"இன்னா நைனா?"

"ஒண்ணு தட்டினா நிறுத்தணும். சத்தம் சரியில்ல."

"நைனா, இது கேஜ் இல்ல, காரு."

"இன்னாவா இருந்தா இன்னாடா, நிறுத்து."

நான் நிறுத்தவில்லை. மறுபடி டொக். மறுபடி நிறுத்தவில்லை. மலை இறங்கத் தொடங்குமிடத்தில் மூன்றாவது தட்டு விழுந்தபோது கார் அவர் பேச்சைக் கேட்டது. கடகடவென்று ஒரு உலுக்கல், ஒரு பெரிய முனகல், நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. இஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டது. உலுக்கலில் கதவு திறந்துகொள்ள, அம்மா மடியிலிருந்த ஆப்பிள்கள் சாலையில் உருண்டு தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போயின.

பானெட்டைத் திறந்தேன். திறந்து என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் திறக்கிறார்களே. நைனா வந்து குனிந்து மோந்து பார்த்தார்.

"ஆயில் இல்லாம எரிஞ்சிக்கீது," என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த வண்டிக்கு ஆயில்மேன் யாருடா?"

"ஆயில்மேனா?"

"இஞ்சினுக்கு யாரு ஆயில் ஊத்தறான்?"

வாங்கிய நாளிலிருந்து யாரும் ஊற்றவில்லை. ஊற்ற வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கதான நைனா இஞ்சின் டிரைவரு! காலமெல்லாம் இஞ்சின் ஓட்டினவரு, ஆயில் ஊத்தணும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் டிரைவரு. ஆயில் ஊத்தறது ஆயில்மேன் வேல. அதுல நான் கைய வெச்சா யூனியன்ல கேப்பாங்க. நீ கார் வாங்கினியே, ஆள் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

இப்படியாக ஒரே வீட்டிலிருந்த இரண்டு பேர், ஆயில்மேன் வருவான் என்று ஆளுக்கொரு பக்கம் காத்திருந்திருக்கிறோம். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டினாள். அதை இங்கே எழுத முடியாது.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்கு உப்பிட்ட பச்சைத்தோல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி நின்றது. அம்மாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நானும் நைனாவும் தோல் மேல். நாற்றத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி அழுகை. ஆம்பூர்க்காரன் இந்நேரம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. மலை வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் ருக்மணி என் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். நிஜமாகவே துக்கமாக இருந்தது.

பெண் வீட்டு வாசலில் நாங்கள் லாரியிலிருந்து குதித்தோம். நாற்றத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (தோல் பதனிடும் ஊர். நாங்கள் ஏதோ தெரிந்த வாசனையோடு வந்த மாதிரி முகம் மலர்ந்து வரவேற்றார்கள்.) காபி வந்தது. பெண்ணின் அப்பா வாசலை எட்டிப் பார்த்தார்.

"காரு எங்கங்க?"

"மலை மேல நிக்குது," என்றேன்.

"சரி. மாசம் இன்னா செலவாகுது அதுக்கு?"

மணி நாலைத் தாண்டியிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மனப்பாடமாகக் கணக்கைச் சொன்னேன். மைலுக்கு இவ்வளவு மிச்சம், ஓட்ட ஓட்ட லாபம். அவர் வியாபாரி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, ஆயில், டயரு, ரிப்பேரு இதெல்லாம் எங்க வருதுன்னு கேளுங்க."

ஒலிபெருக்கிக்காரனை அடக்கிய அதே குரல். எனக்கு மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் பிறந்த ஊரின் பழக்கத்தில் பதில் சொன்னது.

"அதுக்கெல்லாம் ஆள் வருவாங்க."

"எந்த ஆளு?" என்றார் பெண்ணின் அப்பா.

நைனா என்னைக் காப்பாற்ற எழுந்தார். (அவர் எழாமல் இருந்திருக்கலாம்.)

"எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஆள் வருவாங்க சம்பந்தி. இந்த வண்டிக்கு ஆயில்மேன் போடாம உட்டுட்டான் புள்ள. அதான் இஞ்சின் புடிச்சிக்கிச்சு. மத்தபடி தங்கமான வண்டி."

"நீங்க இன்னா வேல பாக்கறீங்க?"

"இஞ்சின் டிரைவரு."

"நீங்களும் அந்த வண்டியிலதான் வந்தீங்களா?"

"பின்சீட்ல," என்றார் நைனா கம்பீரமாக.

பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போனார். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உள்ளே பேச்சு, பிறகு யாரோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம். அம்மா தட்டில் மிச்சமிருந்த வாழைப்பழத்தைத் துணியில் முடிய ஆரம்பித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் திரும்பிப் போகும்போது எங்களை ஏற்றிக்கொள்வானா என்று நைனா மெல்லக் கேட்டார்.

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது.

"ஆம்பூர் இடத்தப் பத்திதான் நான் பேசினேன். என் பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? அங்க எல்லாத்துக்கும் ஆளு இருக்காங்களாம். 'இவங்க வீட்லதான்பா ஆயில்மேன் வேல காலியா கீது, நான் அங்கயே போறேன்'ன்னு சொல்றா."

தட்டு மாறியது, ராகு காலம் வருவதற்குச் சற்று முன்னால்.

கார் மலையை விட்டு இறங்கவே இல்லை. வெங்கடகிரிகோட்டைப் பக்கத்து இரும்புக்கடைக்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டு போனார். சொசைட்டிக் கடனை வருஷக்கணக்கில் கட்டினோம். நாங்கள் பஸ்ஸில் போய்க் கல்யாணம் செய்துகொண்டோம். லைன் வீட்டுக்கு வந்த முதல் வாரமே ருக்மணி ஒழுகின குழாய்க்கு வாஷர் மாற்றினாள். நைனா கை கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார், யூனியனில் கேட்பார்களோ என்ற கவலையோடு.

நைனாதான் அவளை முதலில் "எங்க வீட்டு ஆயில்மேன்" என்று கூப்பிட்டார். அப்புறம் லைன் முழுக்கக் கூப்பிட்டது. அப்புறம் எங்கள் பிள்ளைகளின் சிநேகிதர்கள் 'ஆயில்மேன் ஆன்ட்டி' என்றார்கள். நான் டைம் ஆபீஸில் படிப்படியாக ஏறி, பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, மாலை மரியாதையோடு ரிடையர் ஆனவன். போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், வீடு தெரியாமல் தெருமுனையில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பக்கத்து வீட்டம்மாதான் யோசித்துச் சொன்னாராம்: "ஓ, ஆயில்மேன் வீட்டுக்காரரா?"