ஐந்தாம் வகுப்பு அசையாமல் உட்கார்ந்த நாள்

"ஜன்னலைச் சாத்துங்க, சீக்கிரம்" என்றபடி ரோகிணி டீச்சர் ஒரு கையால் கதவை இழுத்தாள். மறு கையால் ஒரு பையனின் கழுத்தை நேராக்கினாள்.

கல்வி அதிகாரி பரணிதரன் கிளம்பிவிட்டாராம். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த அந்த அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு, அவர் முன்னால் பத்து நிமிடம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, அசையாமல் உட்கார வேண்டும். அசைந்தால் பொறுப்பாசிரியைக்கு மெமோ. அது ரோகிணிதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர். இன்னொருத்தரைக் கேட்டால் பதில் இல்லை. மன அமைதிக்கு மட்டும் பாய், பேனர் எல்லாம் வேனில் வந்து இறங்குகிறது.

"கண்ணை மூடி மூச்சைப் பாருங்க."

"கண்ண மூடிகினு எப்படி மிஸ் பாக்கிறது?" என்றாள் ஸ்வாதி.

ரோகிணிக்கும் அதே சந்தேகம்தான். "பேசாத" என்றாள்.

கல் அறுக்கும் தூசி அதற்குள் உள்ளே வந்துவிட்டிருந்தது. ஒருவன் இருமினான், வகுப்பே இருமியது.

"ஆளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி குடிங்க."

இருமல் நின்றது. சாத்திய அறை புழுங்கியது. சட்டையைத் தூக்கி விசிறிக்கொண்டார்கள். ரோகிணி சத்துணவுக்கூடத்துக்கு ஓடினாள்.

"முனியம்மாக்கா, மோர் இருக்கா? பசங்க மூச்சுப் பயிற்சிக்கு உக்கார மாட்டேங்குதுங்க."

"மூச்சு வுடறதுக்கு மோரா? பொறந்ததுலேர்ந்து வுட்டுகினுதான டீச்சர் கீதுங்க?"

"அதை ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

வகுப்புக்கு வந்த மோர்க்குடம் காலியானது. குடித்த தெம்பில் கிள்ளலும் சிரிப்பும் கூடியதுதான் மிச்சம். வாசலில் ஜீப் சத்தம்.

"அவர் போற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்தாள்.

பரணிதரன் நுழைந்தார். கொஞ்ச நேரம் நெளிந்த வகுப்பு, பிறகு அப்படியே உறைந்தது. சம்மணம் இறுகியது. உதடுகள் மடிந்தன. பத்து நிமிடம் போனது. அவர் மெய்மறந்து இன்னும் பத்து கொடுத்தார். ஒரு இமைகூட ஆடவில்லை.

ரோகிணிக்கு நிம்மதியைவிட எரிச்சல்தான் அதிகம். இந்தக் கூத்து பலித்துவிட்டதே.

"பாருங்க, அந்தப் பையன் கண்ணுல தண்ணியே வருது. எவ்வளவு ஆழமா போயிருக்கான்" என்றார் அதிகாரி. "அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாப் பள்ளியிலயும் அரைமணி நேரம். நீங்கதான் பயிற்சி தரணும்."

"சார், எனக்கே மூணு வகுப்பு..."

"மறுக்காதீங்க. கண்ணுங்களா, போதும், எழுந்திரிங்க."

ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

"அடடா, வெளிய வரவே மனசில்ல" என்று உருகினார். டீயோடு வந்து நின்ற முனியம்மாவிடம் திரும்பி, "இந்தப் பிள்ளைங்க எப்படிம்மா இப்படி மாறிச்சுங்க?" என்றார்.

முனியம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள்.

"நீங்க பாக்கறதுக்கு மின்னாடி அழுக்காவக் கூடாதுன்னு கக்கூஸ கழுவி, காலைலயே பூட்டி வச்சிகீறேன் சார். சீக்கிரம் போயி பாத்துட்டு வந்துடுங்க, பாவம், பசங்க அடக்கிகினு கீதுங்க."