கூஜாவும் கருணையும்

செடி என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அதன் தலையில் தண்ணீர் ஊற்றாமல் தாண்டிப் போக முடியாத ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. மழை கொட்டும்போது ஒரு கையில் குடையும் மறு கையில் சொம்புமாக ரோஜாத் தொட்டியருகே நிற்பவர், ஊருக்குப் போகிற அவசரத்தில் திரும்பி வந்து கள்ளிச் செடிக்கு அரை வாளி சாய்ப்பவர், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே எட்டி அடுத்தவர் குரோட்டன்ஸுக்குப் பீய்ச்சுபவர் எல்லோரும் இந்த இனம்தான். "பாவம், வாடிப் போச்சு" என்பது இவர்களுடைய மந்திரம். நண்பகல் வெயிலில் இலை சற்றுத் தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும் என்று சொல்லிப் பாருங்கள். உங்களைக் கல்நெஞ்சர் என்பார்கள். மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார்களா? மாட்டார்கள். தொட்டால் ஈரம் தெரிந்துவிடுமே!

இந்த இனத்தின் மாணிக்கம் ஸம்பத்குமார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பீப்பாய் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். எழுபத்தெட்டாம் வருஷம், தினமும் பொன்னேரியில் ரயிலேறி வருவார். ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் பித்தளைக் கூஜா. தூக்கிக் குடிப்பவராதலால் கூஜாவில் மிஞ்சும் தண்ணீருக்கு எச்சில் தோஷம் கிடையாது. அது செடிகளின் பங்கு.

அந்த வருஷம் கம்பெனி வாசலில் பன்னிரண்டு காகிதப்பூத் தொட்டிகள் வரிசையாக நின்றன. பங்குனியில் வரும் ஆண்டு விழாவுக்கு அவை பூத்துக் குலுங்கினால், ஐந்து வருஷமாகத் தினக்கூலியில் இருக்கும் தோட்டக்காரர் ஆதிகேசவனைப் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் ஜகந்நாதன் வாக்குக் கொடுத்திருந்தார். மாசி பிறந்ததும் ஆதிகேசவன் தொட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார். காகிதப்பூவைக் காயப் போட்டால்தான் பூக்கும். ஆதிகேசவனுக்கு அது தெரியும், ஸம்பத்குமாருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளைகுட்டிக்காரனான ஒரு தோட்டக்காரன் சோம்பேறித்தனத்தால் வேலையைக் கெடுத்துக்கொள்ளப் போகிறான் என்பதுதான். காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. காப்பாற்றத் தீர்மானித்தார். மதியம் சங்கு ஊதி ஆதிகேசவன் ஷெட்டுக்குப் பின்னால் சாப்பிடப் போனதும், குழாயடிக்கும் தொட்டிகளுக்குமாகக் கூஜாவோடு நடக்க ஆரம்பித்தார். பதினொரு தொட்டிக்குப் பதினொரு நடை. பன்னிரண்டாவது தொட்டி, முதல் நாளே அவருடைய புது டெரிலின் சட்டையை முள்ளால் கிழித்துவிட்டது. அதற்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. கருணைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

பதினொரு செடிகளும் தழைத்தன. கொத்துக் கொத்தாய் இலை. பூ? மருந்துக்கும் இல்லை. ஆதிகேசவன் கீழே குழாய் ஏதும் ஒழுகுகிறதோ என்று தொட்டிகளை நகர்த்திப் பார்த்தார். கடைசியில் ஸ்டோர் வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா சார் இது? நானு தண்ணியே காட்டல, கீரை மாதிரி தழைச்சுக்கினு போவுது. எவன் கண்ணு பட்டுச்சோ. வேலை பூடும் போலக்கீது சார்."

ஸம்பத்குமார் உள்ளூரப் பூரித்தார். கவலைப்படாதே, பெருமாள் இருக்கிறார் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, பெருமாளுக்கு ஒத்தாசையாக அன்று தொட்டிக்கு இரண்டு கூஜாவாக ஊற்றினார்.

விழா நாளும் வந்தது. மேனேஜர் தொட்டி வரிசையைப் பார்த்தார். முகம் சிவந்தது. பூ எங்கேய்யா என்று கேட்டார். ஒரு மாசமாகத் தண்ணீரே ஊற்றவில்லை என்று ஆதிகேசவன் உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான். தண்ணீர்கூட ஊற்றாதவனுக்குப் பெர்மனென்ட் ஒரு கேடா, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் மேனேஜர்.

ஸம்பத்குமாரால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"அவன் ஊத்தலேன்னா என்ன சார்? நான் ஊத்தியிருக்கேன். ஒரு நாள் விடாம, பதினோரு தொட்டிக்கும்."

"பன்னிரண்டாவது?"

"அது என் சட்டையைக் கிழிச்சுது சார். அதுக்கு மட்டும் விடலை."

எல்லோரும் திரும்பினார்கள். வரிசைக் கடைசியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், விழாத் தட்டி மறைத்திருந்த மூலையில், இலையே தெரியாமல் கருஞ்சிவப்பாய்ப் பூத்து எரிந்துகொண்டிருந்தது பன்னிரண்டாவது தொட்டி.

மேனேஜருக்குத் தோட்டக்கலை தெரியாது. ஆனால் கண் தெரியும். அந்தப் பூவைப் பார்த்தார், பதினொரு பச்சைகளைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். அந்த வாரமே ஆதிகேசவன் பெர்மனென்ட் ஆனார்.

ஆன கையோடு அவர் செய்த முதல் காரியம், ஓட்டைப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து, சேறு நிரப்பி, கல்வாழை நட்டு ஸ்டோர் வாசலில் கொண்டு வைத்ததுதான். "உன் கருணைய இதுக்குக் காட்டு சார். எவ்ளோ ஊத்தினாலும் தாங்கும். அந்தாண்ட மட்டும் வராத."

"நான் மட்டும் அன்னிக்கு முன்னால வந்து சொல்லலேன்னா அவனுக்குப் பெர்மனென்ட் ஏது?" என்று ஸம்பத்குமார் இன்றைக்கும் ரயிலில் சொல்லிக்கொண்டு வருகிறார். இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது பொய்யில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு ஜன்னலோரத் தொட்டிக்கு இன்று காலை தண்ணீர் விட்டீர்களே, அதற்கு முன்னால் வீட்டில் வேறு யாராவது விட்டார்களா என்று கேட்டீர்களா? மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா? எங்கே, அந்த ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் நீட்டுங்கள். மண் ஒட்டியிருக்கிறதா பார்க்கலாம்.