சாம்பல்கோட்டையை எரித்தது யார்?

ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, என் மனைவிக்கு முன்னால் நான் கதையைச் சொல்லிவிட வேண்டும். இதுதான் நான் எடுத்த சபதம். மலையைப் புரட்டுகிறேன், கடலைத் தாண்டுகிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சோபாவில் சாய்ந்தபடியே நிறைவேற்றக்கூடிய சபதம். அதிலும் மண்ணைக் கவ்வியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாரிடமாவது சொன்னால்தான் நெஞ்சு ஆறும். வீட்டில் சொல்ல முடியாது. அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

'சாம்பல்கோட்டை' என்ற தொடரை நானும் அவளும் ஒன்பது சீசனாகப் பார்த்து வருகிறோம். கத்தி, கவசம், குதிரை, பறக்கும் பாம்பு, ஒருவருக்கொருவர் விஷம் வைத்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் எல்லாம் உண்டு. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தோம். மகள் பிறந்து, வளர்ந்து, "இந்த வயசுல இதெல்லாம் பாக்கறீங்களே" என்று எங்களைக் கண்டிக்கும் அளவுக்கு ஆளாகிவிட்டாள். தொடர் முடிந்தபாடில்லை.

கதை ஒன்றும் சிக்கலில்லை. மகாராணியின் கோட்டை ஒரே இரவில் எரிந்து சாம்பலாகிவிடுகிறது. நீதான் எரித்தாய் என்று மூன்று ராஜ்யங்கள் ஒன்றன்மேல் ஒன்று பழி போட்டு, ஒன்பது சீசனும் வெட்டிக்கொண்டு சாகின்றன. உண்மையில் எரித்தது யார் என்பதை மட்டும் சொல்லவே இல்லை.

என் மனைவி கணக்கு டீச்சர். மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா, கண் தாளில், காது டிவியில். இந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்து சாகப்போவது யார் என்று சொல்லிவிடுவாள்.

"அந்த மொட்டைத் தளபதி இன்னைக்குப் போயிடுவான்."

"எப்படிச் சொல்ற?"

"சண்டை முடிஞ்சு வந்து வீட்டைக் கட்டி முடிக்கறேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னான் இல்ல? எந்தக் கதையிலங்க அப்படிச் சொன்னவன் திரும்பி வந்திருக்கான்?"

பேச்சு முடிவதற்குள் தளபதியின் தலை திரையில் உருளும். நானும் சும்மா இருந்தவன் இல்லை. "இவன் இன்னைக்குச் செத்தான்" என்று ஒருவனைக் காட்டினேன். அவனுக்குக் கல்யாணம் நடந்தது. "ஒரு விதத்துல ரெண்டும் ஒண்ணுதான்" என்று சமாளித்தேன். அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவளாலும் சொல்ல முடியாத ஒரே கேள்வி கோட்டையை எரித்தது யார் என்பதுதான். அதற்குத்தான் வந்தது 'சாம்பல்கோட்டை: முதல் தீ' என்ற முன்கதை. எட்டு எபிசோடு. கடைசி எபிசோடில் விடை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவை உன்னை ஜெயிக்கறேன் பாரு."

"எதுலங்க?"

"கதையை முன்கூட்டியே சொல்றதுல. நான் ஜெயிச்சா, ஆயுசுக்கும் நீ டிவி ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"நான் திறக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் தொறந்து என்ன ஆயிடுச்சு?" என்று சொல்லிவிட்டு ஒரு தாளில் முட்டை போட்டாள்.

எட்டு எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டப்படி, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு, நாளுக்கு ஒன்றுதான். சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லையென்றால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். மகளைப் பெற்ற வாரம்கூட நாங்கள் அதை மீறவில்லை. நான் மீறினேன்.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். கடைக்குப் பின்னால் கண் பரிசோதனை அறை. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. சாப்பாட்டு வேளையில் அங்கே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கண் பார்க்கும் கருவியில் மோவாயைத் தாங்கும் கட்டையில் மோவாயை வைத்து, எதிரே கைபேசியைச் சாய்த்து வைத்து, மூன்று மதியங்களில் எட்டையும் பார்த்து முடித்தேன்.

பார்த்து முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு மட்டம்! மூன்று எபிசோடு முழுக்க, யார் யாருக்குப் பெரியப்பா என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். நடுநடுவே ஒரு சமையல்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கோடு போய் வருகிறான். போர் வருகிறது, உடனே பனிமூட்டமும் வந்துவிடுகிறது. பனி விலகினால் போர் முடிந்திருக்கிறது. பறக்கும் பாம்பு பறக்கவில்லை. ஒரு மூலையில் முட்டையாகக் கிடக்கிறது. கோட்டை எரிந்த காரணமோ, அதை இங்கே எழுத எனக்கே கூசுகிறது. அதற்காகவா இத்தனை பேர் செத்தார்கள் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"தூசி, முதலாளி."

"மூணு நாளாவா? கண்ணாடிக் கடைக்காரனே கண்ணைக் கசக்கிட்டு நின்னா, வர்றவன் நம்மகிட்ட கண்ணைக் காட்டுவானா?"

தொடர் மட்டமாக இருந்தால் எனக்கென்ன, பந்தயம் பந்தயம்தான். அவளுடைய பரீட்சை வேலையால் மூன்று நாள் தள்ளிப்போயிருந்த போட்டியை அன்று மாலையே தொடங்கினோம்.

முதல் எபிசோடில் ஒரு தூதன் கடிதத்தோடு குதிரை ஏறினான்.

"இவன் ஒற்றன்," என்றாள் மனைவி. "கடிதத்தைப் பிரிச்சுப் படிப்பான்."

"படிக்க மாட்டான். வழியில தொலைச்சிடுவான்."

"அரசாங்கத் தூதன் எதுக்குங்க தொலைக்கப் போறான்?"

தொலைத்தான். எதற்கென்று அவர்களும் சொல்லவில்லை.

அடுத்த நாள் இளவரசன் மதுக்கிண்ணத்தைத் தூக்கினான். "விஷம்," என்றாள். "இல்ல, குடிச்சிட்டு நல்லாத்தான் இருப்பான். மாடிப்படியில வழுக்கி விழுந்து சாவான்," என்றேன். வழுக்கினான். மூன்றாம் நாள் மந்திரி துரோகம் செய்வார் என்றாள். மந்திரியைக் கதாசிரியர் மறந்தே போய்விடுவார் என்றேன். மந்திரி திரும்ப வரவே இல்லை.

எனக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டத்துக்கே போய்விட்ட மிதப்பு. ஆனால் நாலாம் நாள் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க."

"என்ன ஆச்சு?"

"மூளை மழுங்கிப் போச்சு. இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் குருட்டாம்போக்குல சொன்னதுதான் போல. இன்னைக்கு ஒரு பொண்ணுக்கு மார்க்கைக்கூடத் தப்பாக் கூட்டிட்டேன். அதுவே வந்து சொல்லுது, டீச்சர், கூட்டல் தப்புன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்ட அமைதி வீட்டுக்குள் வந்துவிட்டது. டிவியில் குதிரைகள் ஓடின, யாரோ யாரையோ குத்தினார்கள், பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தமில்லாத சோபாவை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொல்லி, அது நடந்து, நான் "சே!" என்று தொடையில் தட்டிக்கொள்வதுதான் இத்தனை வருஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. அது தெரியாமல் அதையே பறித்துக்கொண்டேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

"வேண்டாங்க," என்றாள், ரொம்ப மெதுவாக.

ஐந்தாம் நாள் அவளே ரிமோட்டை எடுத்தாள். பெயர் போடும் பகுதியை எப்போதும் போலத் தள்ளிவிட்டாள். "நீங்களே சொல்லுங்க, இன்னைக்கு என்ன நடக்கும்? எனக்குத்தான் ஒண்ணும் ஓடலையே."

பாவமாக இருந்தது. ஆனால் கேட்ட பிறகு சொல்லாமலிருக்க நான் ஞானியா?

"ராணியோட தம்பி கிணத்துல விழுந்துடுவான்."

"தள்ளிவிடுவாங்களா?"

"யாரும் தள்ள மாட்டாங்க. எட்டிப் பாப்பான், விழுவான்."

படம் ஓடியது. திரையில் எல்லாரும் கறுப்பு உடையில் நின்றார்கள். நடுவே ஒரு பெட்டி. பெட்டிக்குள் ராணியின் தம்பி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், இவனை ஏன் அதுக்குள்ள பெட்டியில போட்டாங்க? இது ஆறாவது எபிசோடு ஆச்சே! அஞ்சாவதை விட்டுட்டே!"

படம் நின்றது. அவள்தான் நிறுத்தினாள்.

"எது ஆறாவது?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று தெரிந்துகொண்டேன்.

"அதாவது, கதை தொடர்ச்சியா இல்லையே, அதனால சொன்னேன்."

"இந்தக் கதை எந்த எபிசோடுலங்க தொடர்ச்சியா இருந்துச்சு? இதுல நடுவுல ஒண்ணை உருவிட்டா எழுதினவனுக்கே தெரியாது. ஏற்கெனவே பாத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன். தரை நன்றாகத் துடைத்திருந்தது. நான்தான் துடைத்திருந்தேன்.

"எங்க ஸ்கூல்ல பரீட்சைக்கு ரெண்டு வினாத்தாள் அடிப்போம்," என்றாள், வகுப்பெடுக்கும் குரலில். "பக்கத்துல பக்கத்துல உக்கார்றவங்களுக்கு வேற வேற கேள்வி. காப்பி அடிக்கிறவன் தன் கேள்வியைப் படிக்கவே மாட்டான். பக்கத்துப் பையனோட விடையை அப்படியே எழுதி வெச்சிட்டுப் போவான். அந்த மாதிரிதான் உங்களுக்கு இன்னைக்கு ஆறாவதைப் போட்டேன். நீங்க அஞ்சாவதுக்கு விடை எழுதியிருக்கீங்க."

"எப்போலேர்ந்து சந்தேகம்?"

"மொத நாள்லேர்ந்து. சரியான விடையை யார் வேணா யோசிச்சு எழுதலாங்க. ஆனா புத்தகத்துல இருக்கற அச்சுப்பிழையோட சேத்து ஒருத்தன் எழுதினான்னா, அவன் பாத்துத்தான் எழுதியிருக்கான். தூதன் கடிதத்தைத் தொலைச்சிடுவான், மந்திரியைக் கதாசிரியரே மறந்துடுவார்! இவ்வளவு அசட்டுத்தனத்தை யோசிச்சுச் சொல்ல மனுஷனால ஆகாது. உங்களாலகூட ஆகாது."

"அப்போ மூளை மழுங்கிடுச்சுன்னு சொன்னதெல்லாம்?"

"காப்பி அடிக்கிறவனைப் பிடிக்கணும்னா டீச்சர் தூங்கி வழியற மாதிரி உக்காரணும்."

"அந்தப் பொண்ணோட கூட்டல்?"

"என் கூட்டல் என்னைக்குங்க தப்பாச்சு?"

பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா நேத்து நீங்களா சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். வாயைத் தொறந்தீங்க. தண்ணி வேணுமான்னு கேட்டீங்க."

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காது மடல் வரை சூடாகி, "தப்புதான்" என்றேன். நாலு நாள் நான் தனியாக ஜெயித்துக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்திலேயே இருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். சோபாவுக்கு அடியில் இடம் இருந்தால் நுழைந்திருப்பேன்.

"சரி விடுங்க," என்று டிவியை அணைத்தாள். "மீதியை நான் பாக்கப் போறதில்ல. இந்தக் குப்பையை ரெண்டாவது தடவை பாக்க வெச்சதே உங்களுக்குப் போதுமான தண்டனை."

விடைத்தாள் கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எனக்குள் ஒரு சின்னப் பொறி தட்டியது. எல்லாம் போனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. அவளால் ஒன்பது சீசனாகச் சொல்ல முடியாத விடை என் கையில் இருந்தது. அதை உலகத்தில் எந்தக் கணக்கு டீச்சராலும் போட்டுவிட முடியாது.

"பந்தயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கறேன்," என்றேன். "ஆனா கோட்டையை எரிச்சது யாருன்னு உன்னால சொல்ல முடியுமா? சொல்லு பாக்கலாம். முடியாது!"

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"இத்தனை வருஷமா நல்லா யோசிச்சுப் பாத்தேங்க. வரவே இல்ல. இருங்க, ஒரு நிமிஷம் அந்தக் கதாசிரியன் மாதிரி யோசிச்சுப் பாக்கறேன்." கண்ணை மூடினாள். நிமிஷம்கூட ஆகவில்லை, திறந்துவிட்டாள். "ஒரு சமையல்காரன் எப்பப் பாத்தாலும் கையில விளக்கோட மூக்கை உறிஞ்சிக்கிட்டே போறான் இல்ல? அவன் தும்மியிருப்பான். விளக்கு திரைச்சீலை மேல விழுந்திருக்கும்."

தும்மித்தான் தொலைத்திருந்தான்.