பெரட்டில் இல்லாத பேர்

எமனே ஓட்டப் பயிற்சிக்கு வந்தாலும், வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, "இருக்கேன்" என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் பெரட்டு அண்ணன் ஓட விடுவார். கூடவே எருமையும் வந்திருந்தால் அதற்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிடுவார். ஓடி முடித்ததும் இருவரையும் மறுபடி கூப்பிடுவார்.

பெரட்டு என்றால் என்னவென்று டவுனில் பிறந்தவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் விடியுமுன் வேலையாட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. அண்ணனின் அப்பா நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். மகனுக்குச் சொத்தாக வந்தது அந்தக் குரல்தான். மகனோ பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறார். பெட்டிகள் பதில் சொல்வதில்லை. ஆகவே, காலையில் எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் அந்தக் குரலைச் செலவழித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எல்லாரும் அவரைப் 'பெரட்டு' என்றே கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

ஓட வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்ததே அந்த பஸ்ஸைத் துரத்தும்போதுதான்.

நான் பக்கத்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. அன்றைக்கு அலாரத்தை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண் மூடியதில் பஸ் கிளம்பிவிட்டது. பின்சன்னலில் பெரட்டு அண்ணனின் தலை வெளியே வந்தது.

"டிரைவர் அண்ணே, ஒராளு குறையுது! பிள்ள ஓடி வருது. நிப்பாட்டாதீங்க, மெதுவா போங்க!"

கைப்பையும் சோற்று டப்பாவும் இடுப்பில் இடிக்க நான் ஓடினேன். பஸ் முழுக்கச் சன்னலில் தொங்கிக்கொண்டு, "வந்துட்டா லா, வந்துட்டா லா!" என்று கத்தியது. சிக்னலில்தான் ஏற முடிந்தது. பேச்சு வர ஐந்து நிமிடம் ஆனது.

"ஏண்ணே, நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நிப்பாட்டியிருந்தா நீ ஓடியிருப்பியா?"

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வந்தேன். தொழிற்சாலை கேட் வருவதற்குள் கைப்பேசியில் ஓட்டக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தேன். சாயங்காலம் சப்பாத்து வாங்கினேன். இரவு சாப்பிடுமுன் பன்னிரண்டு வாரப் பயிற்சி அட்டவணை தயார். அதுவரை நான் ஓடியிருந்தது மொத்தமே ஒரு பஸ் அளவு என்பதை அட்டவணையில் எங்கும் குறிப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் நாங்கள் ஆறு பேர். நான், என் பிரிவில் வேலை செய்யும் தினேஷ், பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கும் சரோ அக்கா, முரளி, அவர் மனைவி விஜயா, பள்ளி ஆசிரியர் பாலா. செவ்வாய்க்கிழமை புக்கிட் சீனா மேட்டில் ஏற்றம். வியாழக்கிழமை எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றிச் சுற்றி வேக ஓட்டம். ஞாயிறு விடியலில் நியாலாஸ் செம்பனைக் காட்டுச் சாலையில் நீண்ட ஓட்டம்.

பெரட்டு அண்ணனை யாரும் அழைக்கவில்லை. ஆறு பேராகச் சேர்ந்த முதல் ஞாயிறு போய் இறங்கினால் அவர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார். காலில் புதுச் சப்பாத்து, கழுத்தில் சிவப்பு விசில், மேலே வேலைக்குப் போடும் மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட்.

"அண்ணே, இதப் போட்டு ஓடுனா வேர்க்கும்."

"லோரிக்காரன் கண்ணுல படணும்மா. வேர்வைய தொடச்சிக்கலாம். லோரிய தொடைக்க முடியாது."

பிறகு குரல் எழும்பியது. செம்பனை மட்டையில் இருந்த பறவைகள் பறந்தன.

"பாலா!"

"பிரசன்ட்."

"அதெல்லாம் உங்க ஸ்கூல்ல மாஸ்டர். இங்க 'இருக்கேன்'னு சொல்லணும். பாலா!"

"இருக்கேன்."

ஆறு பேரும் இருந்தோம். விசில் ஊதினார். ஓடினோம். அண்ணன் மட்டும் கடைசி ஆளுக்குப் பின்னால். அந்தக் கடைசி ஆள் எந்த வேகத்தில் போனாலும் அதுதான் அவர் வேகம்.

பயிற்சி என்பது வாரத்துக்கு வாரம் ஒரு மாதிரி. ஒரு வாரம் விஜயா தன் கணவரை மேட்டில் முந்திவிட்டார். மறுவாரம் முரளிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது; பிடித்தது காலைத்தானா, மனசையா என்று தெரியவில்லை. பாலா மாஸ்டரின் விலையுயர்ந்த கடிகாரம், அவர் ஓடி முடிக்கும்போதெல்லாம் மூன்று நாள் ஓய்வெடு என்று சொல்லும். கீழ்ப்படிதலுள்ள மனிதர், எடுப்பார். புகைமூட்டத்தில் ஒரு வாரம் போனது. எனக்கு அட்டவணை எழுதுவதில் எந்த வாரமும் தொய்வில்லை.

ஒரு ஞாயிறு, ஓடி முடித்து சாலையோர லோங்காங் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் தன் ஆசையைச் சொன்னார். மலாக்கா டவுனில் வருகிற இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் கிடையாது.

"வூட்டுல மக மெடலு அஞ்சு தொங்குது. பக்கத்துல எனக்கு ஒரு ஆணி அடிச்சி வச்சிட்டேன்."

"ஓடுறதுக்கு முன்னாலேயேவா அண்ணே?" என்றார் சரோ அக்கா.

"ஆணி இருந்தாத்தானே ஓடத் தோணும்? ஆனா உங்க அண்ணி இருக்காளே, கண்டதையும் மாட்டுறா. போன வாரம் குடை. நேத்து வெங்காயப் பை. காலையில எழுந்து வெங்காயத்தப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது லா."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பெரட்டு முடிந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, ஆணியில என்னா?" கொசு அடிக்கும் பேட், மோட்டார் சாவி, அண்ணியின் தொப்பி. மெடல் மட்டும் இல்லை.

இதற்கிடையில்தான் தினேஷ் விவகாரம் நடந்தது. ஒரு ஞாயிறு விடியலில் அவனிடமிருந்து செய்தி: "கவி, நான் வர்ல. பெரட்டுல சமாளி." இருட்டு இன்னும் கலையவில்லை. "தினேஷ்!" என்று குரல் வந்ததும், முரளியின் முதுகுக்குப் பின்னால் நின்று குரலைத் தடியாக்கி, "இருக்கேன்" என்றேன். தினேஷைவிட நன்றாகவே இருந்தது.

பதினான்கு கிலோமீட்டர் முடித்து வந்தபோது பளிச்சென்று விடிந்திருந்தது. இரண்டாவது பெரட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

"தினேஷ்!"

அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தினேஷ்!"

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் விசிலை ஊதிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார். குலை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார். டிராக்டர் ஓட்டி வந்த மலாய்க்காரரை நிறுத்தி, "பாங், ஒரு பையன், ஒல்லியா, நடக்கத் தெரியாம ஓடுவான், பாத்தீங்களா?" என்று பாதி மலாயிலும் பாதி கையாலும் கேட்டார். நான், "அண்ணே, நில்லுங்க!" என்று பின்னால் ஓடினேன். பிடிக்க முடியவில்லை. எப்போதும் கடைசியில் ஓடுகிற அந்த மனிதர், எங்கள் ஆறு பேரில் யாரும் ஓடாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து தினேஷே குழுவில் ஒரு படம் போட்டான். ரொட்டி சானாய். கீழே, "இனிய காலை வணக்கம்."

சரோ அக்கா கைப்பேசியை அண்ணனிடம் காட்டினார். அவர் மூச்சு வாங்கியபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முட்ட போட்டதா?" என்றார். பிறகு, "சரி. ஆளு இருக்கான்ல? பாம்பு கீம்புன்னு நெனச்சிட்டேன்."

இருக்கேன் என்று சொன்னது யார் என அவர் கேட்கவில்லை. மறுவாரம் தினேஷ் முதல் ஆளாக வந்து, கூப்பிடாமலே நான்கு தடவை "இருக்கேன்" என்றான்.

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த வேகத்தில் ஓடினால் அண்ணனுக்கு மெடல் உறுதி. எங்களுக்குப் பின்னால் ஓடினால் சந்தேகம். "பந்தயத்தன்னிக்கு எங்களப் பாக்காதீங்கண்ணே. முன்னால ஓடிருங்க" என்றேன். தலையைச் சொறிந்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவரை அந்த ஆணியின் மேல் சத்தியம் செய்ய வைத்தோம்.

பந்தயம் அதிகாலை நாலரைக்கு. ஆயிரம் பேர் நெருக்கத்திலும் பெரட்டு நடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியவர், ஏதோ பதிவு என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். அண்ணன் கைப்பேசியை சரோ அக்காவின் பையில் போட்டுவிட்டு, விசிலை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் முன்னால் ஓடினார். மஞ்சள் ஜாக்கெட் கூட்டத்தில் கரைந்தது.

நாங்கள் ஓடினோம். இருட்டில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் ஜாக்கெட்டுகள். வழிகாட்டும் தொண்டர்களுக்கும் அதே உடுப்பு. தண்ணீர் கொடுத்தார்கள், கை காட்டினார்கள். நாங்கள் முகம் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போனோம். மூன்று மணி நேரக் கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது சரோ அக்காவும் முடித்துவிட்டார். ஆறு கழுத்திலும் மெடல். பாலா மாஸ்டர், அண்ணன் போலவே தொண்டையைச் செருமி, பெரட்டு எடுத்தார். ஆறு பேர், ஆறு "இருக்கேன்". கணக்கு சரி. பக்கத்துக் கடைக்குப் போய் உட்கார்ந்து ஆறு கிளாஸ் தே தாரேக் சொன்னோம்.

சரோ அக்காவின் பை அடித்தது. அண்ணனின் கைப்பேசி. அந்தப் பக்கம் அண்ணி.

"முடிச்சிட்டாராம்மா? ஆணிய சுத்தமா தொடச்சி வச்சிருக்கேன்."

மேசையைப் பார்த்தேன். ஆறு கிளாஸ்.

முதலில் முடித்திருப்பார், எங்காவது நிற்பார் என்று திடலைச் சுற்றினோம். இல்லை. தகவல் மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் பேரைக் கேட்டார். மூன்று மாதமாக வாரம் தவறாமல் எங்கள் பேரைக் கூப்பிட்ட மனிதரின் பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"பெரட்டு" என்றான் தினேஷ், மெதுவாக.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு அப்பா பேரையும் கேட்டார். பந்தய எண்ணைக் கேட்டார். எண் தாளை அண்ணன் மார்பில் குத்தியிருந்தார், ஜாக்கெட் மூடியிருந்தது. கடைசியில், என்ன உடுப்பு என்று கேட்டார். மஞ்சள் ஜாக்கெட் என்றேன். அவர் திடலை நோக்கிக் கையை வீசிக் காட்டினார். முப்பது மஞ்சள் ஜாக்கெட்டுகள் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில், மலாய் மரியாதையோடு, "என்சிக் பெரட்டு, என்சிக் பெரட்டு" என்று ஒரு குரல் தடுமாறியது.

நாங்கள் பந்தயப் பாதையிலேயே பின்னோக்கி ஓடினோம். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வந்துகொண்டிருந்தார். ஒரு கால் நொண்டியது. எங்களைக் கண்டதும் அவர் கேட்டது: "எல்லாரும் முடிச்சிட்டீங்களா?"

"நீங்க எங்கண்ணே போனீங்க?"

"பன்னெண்டாவது கிலோமீட்டர்ல ஒரு முச்சந்தி. அங்க வழி காட்ட நின்ன பையன் வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓடுறான். என் ஜாக்கெட்டப் பாத்துட்டு, எல்லாரும் எங்கிட்ட வழி கேக்குறாங்க லா. தப்புப் பக்கம் போனா நேரா ஹைவேதான். லோரி. விட்டுட்டு எப்படி வர்றது? அவன் வர அரை மணி ஆயிருச்சி. நின்னுட்டு ஓடுனதுல காலு புடிச்சிக்கிச்சி."

"நாங்களும் அந்த வழியாத்தானே வந்தோம்?"

"ஆமா. ஆறு பேரும் போனீங்க. எண்ணிட்டேன். நீ 'தெரிமா காசே'ன்னு நன்றி சொல்லிட்டுப் போன."

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லண்ணே!"

"கூப்பிட்டா நின்னுருப்பீங்க."

ஒலிபெருக்கி பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது. நாங்கள் இன்னும் பாலத்தில்தான் இருந்தோம். பூஜ்யம் என்று கேட்டபோதும் அண்ணன் நிற்கவில்லை. நாங்களும் அவர் பின்னாலேயே ஓடினோம். மூன்று மணி நேரம் ஆறு நிமிடம். மெடல் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்த பெண், அவரை ஏறிட்டுப் பார்த்து, "அங்கிள், வாலண்டியர் சாப்பாடு அந்தப் பக்கம்" என்றாள். அண்ணன் போய் ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார்.

தினேஷ் தன் மெடலைக் கழற்றி நீட்டினான். "அண்ணே, இத ஆணியில மாட்டுங்க. யாருக்குத் தெரியும்?"

"உம் பேருக்கு நான் 'இருக்கேன்'னு சொல்லவா? ஏற்கனவே ஒருத்தி சொன்னது போதும்" என்றார் அண்ணன். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு சாப்பிட உட்கார்ந்தவர், வெயில் ஏறிவிட்டதென்று ஜாக்கெட்டைக் கழற்றினார். வேர்வையில் நனைந்த எண் தாளில், எண்ணுக்குக் கீழே, பெரிய எழுத்தில் அவர் பேர். ஆறு பேரும் வாய்க்குள் படித்துக்கொண்டோம்.

அதை இங்கே எழுதப் போவதில்லை. அது பெரட்டில் கூப்பிடுவதற்கான பேர். மறு ஞாயிறு நியாலாஸில், "இன்னிக்கு நான் எடுக்கிறேண்ணே" என்று விசிலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் பேராக அதைக் கூப்பிட்டேன்.

அண்ணன் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"பிரசன்ட்!"

பாலா மாஸ்டர் திருத்த வாயெடுத்தார். சரோ அக்கா அவர் காலை மிதித்தார்.

நான்கு மாதத்தில் ஜாசின் பக்கம் இன்னொரு இருபத்தொரு கிலோமீட்டர் வருகிறது. புது அட்டவணை போட்டுவிட்டேன். ஆணியில் இப்போதைக்கு அந்த எண் தாள் தொங்குகிறது. அண்ணி வேறு எதையும் மாட்டுவதில்லையாம். அடுத்த பந்தயத்தில் அண்ணன் முன்னால், ஜாக்கெட் இல்லாமல். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடப்போவது நான். மெதுவாக ஓடுவது இவ்வளவு கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது ஞாயிறுதோறும் அதைத்தான் பழகுகிறேன், முன்னால் போகும் முதுகுகளை எண்ணிக்கொண்டே. ஆறு வரவேண்டும். முதலில் அவருடையதைத் தேடிவிட்டுத்தான் ஒன்று என்று ஆரம்பிக்கிறேன்.